வெண்கலப் பாம்பிடம் பூக் கேட்டது

என் அண்ணன் தன் ஆசைக்கென்று வாழ்நாளில் வாங்கிய பொருள் ஒன்றுதான். வெண்கலத்தில் வார்த்த ஒரு சிங்கம். வெறும் சிங்கம் என்று சொன்னால் அவர் திருத்துவார். சிங்கமும் பாம்பும். சிங்கம் வலது முன்னங்காலால் பாம்பின் நடுவுடலை அழுத்திப் பிடித்திருக்கும். பாம்பு சுருண்டு மேலெழும்பி, வாயைப் பிளந்து, சிங்கத்தின் முகத்துக்கு நேராகச் சீறும். இரண்டில் எது ஜெயிக்கும் என்பதைச் சிற்பி சொல்லவில்லை. பீடத்தோடு சேர்த்து ஒரு முழ உயரம், ஒன்றரை முழ நீளம். எடை என்ன என்று யாராவது கேட்டால் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும். பழைய பாத்திரக்காரன் கேட்க வேண்டிய கேள்வி அது என்பார். வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

எண்பதுகளின் முன்பாதியில் நாங்கள் மேட்டூரில் இருந்தோம். அண்ணனுக்கு அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. கம்பெனி குவார்ட்டர்ஸில் வீடு. நான் பெண்கள் பள்ளியில் பூகோளம் கற்பித்துக்கொண்டு அண்ணன், அண்ணியோடு இருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஓமலூருக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருந்தார்கள்.

ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரக் காப்பித் தோட்டக்காரர் தன் தேசத்துக்கே திரும்பிப் போகிறார், பங்களாச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணிதான் அண்ணனை அனுப்பினார். ஒரு கட்டில் வாங்கிவர வேண்டும். தேக்குக் கட்டில், நல்ல அகலம் என்று தகவல் வந்திருந்தது. அண்ணன் சாயங்காலம் சிங்கத்தோடு வந்து இறங்கினார். என்ன விலை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இதை அண்ணியும் படிப்பார்.

மலையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சிங்கம் ஒரு பக்கமாகச் சாய, இவரும் அதோடு சாய்ந்திருக்கிறார். முதலில் அவருக்கு உட்கார இடமில்லை. ஒரு வயதான அம்மாள், சாமி சிலையை நின்றுகொண்டு தூக்கி வருகிறாரே என்று எழுந்து இடம் கொடுத்திருக்கிறார். அண்ணன் இது சாமி இல்லை, கலை என்று விளக்கியிருக்கிறார். அந்த அம்மாள் உடனே திரும்ப உட்கார்ந்துகொண்டார். பாதி மலை இறங்கிய பிறகுதான் வேறொருவர் இறங்கி இடம் கிடைத்ததாம். இதை அண்ணன் நம் நாட்டில் கலைக்கு இருக்கும் நிலைமைக்கு உதாரணமாகச் சொல்வார். அந்த அம்மாள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பது அண்ணியின் கருத்து.

சிங்கத்தைக் கூடத்தில், ரேடியோ இருந்த அலமாரியின் மேல் வைத்தார். ரேடியோ சமையலறைக்குப் போனது. அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி வருவதற்கு முன்னால் அண்ணனின் பிரசங்கம் வரும். நான் அதைக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டேன்.

இந்தச் சிங்கத்தை வார்த்தது போன நூற்றாண்டுப் பிரான்சில். அந்தக் காலத்தில் அங்கே சிற்பம் என்றால் ராஜாவும் தேவதையும்தான். மனிதன் ஏறி உட்கார்ந்திருந்தால்தான் குதிரைக்கே மரியாதை. பிறகு ஒரு தலைமுறை வந்தது. புயல், காடு, ஆத்திரம், சாவு என்று அவர்களுடைய பாட்டும் படமும் கொந்தளித்தன. அதில் சில சிற்பிகள் மனிதனைக் கீழே இறக்கிவிட்டு மிருகத்தை மட்டும் வடித்தார்கள். பாரிஸில் மிருகங்களைக் கூண்டில் வைத்திருந்த தோட்டத்துக்குக் காலையிலேயே போய் நின்று படம் வரைந்தார்கள். அங்கே ஒரு சிங்கம் செத்துவிட்டது என்று தகவல் வந்தால் ஓடிப்போய் அதன் எலும்பையும் தசையையும் அளந்துகொண்டு வந்தார்கள். பெரிய மனிதர்கள், இது சிற்பமா சர்க்கஸா என்று கேலி செய்தார்கள். ஆனால் வக்கீல்களும் கடைக்காரர்களும் தங்கள் மேஜைமேல் வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். அப்படி மணல் அச்சில் துண்டு துண்டாக வார்த்து, இணைப்புத் தெரியாமல் அரத்தால் ராவி, ஒவ்வொரு செதிலையும் உளியால் எடுத்து, கடைசியில் சூடு காட்டி, அமிலம் தடவி நிறம் ஏற்றினார்கள். அமிலம் என்ற இடம் வந்ததும் அண்ணனின் குரல் கனிந்துவிடும். அது அவருடைய இலாகா.

பிரசங்கத்தைக் கேட்டவர்கள் அவரவர் பங்குக்குக் கருத்துச் சொன்னார்கள். அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டு, சிங்கத்துக்குத் தீனி போதவில்லை, விலா எலும்பு தெரிகிறது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் அணையில் மீன்பிடிக் குத்தகை எடுத்தவர். வழுக்கும் பிராணிகளைப் பற்றி அவருக்குத் திடமான அபிப்பிராயங்கள் உண்டு.

"தலையைப் புடிக்காம நடுவுல மிதிச்சா அது கடிக்காம என்னங்க பண்ணும்? அனுபவம் இல்லாத சிங்கம்ங்க இது."

அண்ணன் அவரிடம் பிறகு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

அண்ணிக்கு வேறு விதமான மனக்குறை. பச்சையும் பழுப்புமாக மங்கிக் கிடக்கும் அந்த நிறம் அவருக்கு அழுக்காகவே தெரிந்தது. புளி போட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி ஆகிவிடும் என்பார். பொங்கலுக்கு முன்னால் வாசலில் வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டும் நாளில் எங்கள் பக்கத்தில் வீட்டிலிருக்கும் பித்தளை, செம்பு, வெண்கலம் எல்லாம் கிணற்றடிக்கு வந்துவிடும். அந்த ஒரு நாள் மட்டும் அண்ணன் லீவு போட்டுவிட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் செய்தித்தாள் இருக்கும். பக்கம் புரட்ட மாட்டார்.

இவையெல்லாம் தமாஷாக இருந்த காலம் வரை சரி. எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோதுதான் சிங்கம் குடும்ப விவகாரமாயிற்று.

வந்த வரன்கள் கூடிவரவில்லை. ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் இருந்தது. ஒரு வீட்டில் பெண் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். ஒரு பையனுக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. ஒரு ஜாதகம் பொருந்தவில்லை. ஆனால் காரணங்கள் தனித்தனியாக இருப்பது எங்கள் உறவினர்களுக்குப் பிடிக்காது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருந்தால்தான் பேசுவதற்குச் சௌகரியம். நாகத்தை மிதிக்கிற சிங்கத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் பெண்ணுக்கு எப்படிக் கல்யாணம் கூடும் என்றார்கள். என் ஜாதகத்தில் நாக தோஷம் கிடையாது. அண்ணன் அதை ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டார் என்று அண்ணி சொல்வார். அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஒரு தடவை ஜலகண்டாபுரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. அண்ணி முன்ஜாக்கிரதையாகச் சிங்கத்தின் மேல் ஒரு பூப்போட்ட துப்பட்டியை மூடிவைத்தார். அப்போதுதான் சில வீடுகளுக்கு டி.வி. வரத் தொடங்கியிருந்தது. வந்தவர்கள் மரியாதையாக உட்கார்ந்து, பேச்சுக்கு நடுநடுவே அந்தத் துப்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பையனின் அப்பா, நாலு மணிக்கு ஏதாவது நிகழ்ச்சி இருக்குமா என்று கேட்டார். அண்ணன் எழுந்துபோய்ப் பெருமையோடு துப்பட்டியை உருவினார். அந்தக் குடும்பத்தின் முகத்தில் நான் கண்டது பயமோ பக்தியோ அல்ல, ஏமாற்றம். அந்த வரனும் போயிற்று. இனி எக்காரணம் கொண்டும் மூடி வைப்பதில்லை, அதனால்தான் குழப்பம் என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

அடுத்து வந்தது நாமக்கல் வரன். நல்ல கோடைகாலம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர்தான் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. அப்பா இல்லை. அம்மாதான் எல்லாவற்றுக்கும் முடிவு சொல்பவர் என்று முன்பே எங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அண்ணன், அண்ணி, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. தோட்டத்தில் கரும்பு வெட்டு என்பதால் அப்பா வரவில்லை.

நான் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது அண்ணன் பிரசங்கத்தில் பாரிஸ் தோட்டத்தைத் தாண்டி மணல் அச்சுக்கு வந்திருந்தார். தாய்மாமன் பஜ்ஜியில் கவனமாக இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா அலமாரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து எங்கள் அம்மாவோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மட்டும் எழுந்துபோய்ச் சிங்கத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். துண்டு துண்டாக வார்த்தது என்றால் எங்கே இணைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். அண்ணனிடம் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது. அண்ணனுக்கும் தெரியாது. இருவரும் தலையை ஒன்றாக வைத்து வயிற்றடியிலும் வாலடியிலும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"எங்க பட்டறையில இப்படி ஒருத்தன் வெல்டு வெச்சான்னா நான் வாயைத் தொறக்காம அவன் சொல்றதையெல்லாம் கேப்பனுங்க" என்றார் மாப்பிள்ளை. பிறகு பிடரி மயிருக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இத்தனை சந்துபொந்து இருக்குது, தூசே இல்லீங்களே. யாருங்க தொடைக்கறது?"

"எங்க அம்மிணிதான்" என்று அண்ணி என்னைக் காட்டினார்.

அவர் திரும்பி முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார். "எதுலீங்க தொடைக்கறீங்க?"

"ஷேவிங் பிரஷ்ஷுலீங்க. அண்ணனோட பழசு."

அவர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல், பெரியவர்கள் முன்னால் இப்படிச் சிரிக்கிறோமே என்ற கூச்சத்தோடு சிரித்த சிரிப்பு. அதுவரை வந்த வரன்கள் வந்தார்கள், போனார்கள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. இது கூடிவர வேண்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதும் எனக்கு வியர்த்துவிட்டது.

மகன் எதற்குச் சிரிக்கிறான் என்று பார்க்கத்தான் அவருடைய அம்மா திரும்பினார்.

கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிட்டே வந்தார். நாகத்தைப் போட்டு இப்படி மிதிக்கிறதே என்றார். அவர்கள் தோட்டத்தில் ஒரு புற்று இருக்கிறதாம். செவ்வாயும் வெள்ளியும் அதற்குப் பால் வார்க்காமல் அவர் சாப்பிட்டதில்லையாம். அண்ணன் உதவிக்கு வந்தார். இது நாகம் இல்லை, படம் எடுக்காதது, ஏதோ மலைப்பாம்பு வகை என்றார். பாம்பென்றால் பாம்புதான் என்று அந்த அம்மாள் அமைதியாகச் சொல்லிவிட்டார். அண்ணி, உள்ளே எடுத்து வைத்துவிடுகிறோம் என்றார்.

"எடுத்து வெச்சுட்டா நான் பாத்தது பாக்காததா ஆயிருமுங்களா?" என்றார் அவர். கோபமில்லை. வருத்தமாகவே சொன்னார். "பொண்ணு தங்கமாட்டம் இருக்குது. அதுல ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா இதைக் கண்ணுல பாத்துட்டு நான் எப்படிங்க வெத்தலை பாக்கு மாத்தறது?"

என் அம்மா அண்ணனைப் பார்த்த பார்வையில், தேக்குக் கட்டிலும் அதன் அகலமும் இருந்தன.

தாய்மாமன் ஒரு வழி சொன்னார். கோயிலில் பூக் கேட்டுவிடலாம் என்றார். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, மனசுக்குச் சந்தேகமாக இருந்தால் சாமியின் தலையில் ஒரு பூவை வைத்துவிட்டுக் காத்திருப்போம். பூ விழுந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. விழாவிட்டால் இல்லை. அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா யோசித்தார். கோயிலுக்குப் போவானேன், மிதிபடுவது இங்கே இருக்கும்போது உத்தரவை வேறிடத்தில் கேட்பது முறையா என்றார். எனக்குத் தெரிந்து, பிரான்சில் வார்த்த ஒரு வெண்கலப் பாம்பிடம் பூக் கேட்டது அந்த ஒரு தடவைதான் இருக்கும். அண்ணன் பாம்பையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி மஞ்சள் தண்ணீரும் பூஜை அலமாரியிலிருந்து செவ்வரளியும் கொண்டுவந்தார். காற்றில் பூ விழுந்துவிட்டால் அது உத்தரவாகாது என்று தாய்மாமன் எழுந்துபோய்க் கதவோரச் சுவிட்சைத் தட்டி மின்விசிறியை நிறுத்தினார். அந்த அம்மாள் மூன்று சொட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, ஒரு செவ்வரளிப் பூவைப் பாம்பின் தலையில் வைத்தார். பூ விழுந்தால் இன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம். விழாவிட்டால் ஒருத்தருக்கொருத்தர் மனத்தாங்கல் இல்லாமல் எழுந்து போய்விடுவோம் என்றார்.

விழாது என்று எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் அந்தத் தலையைத் துடைத்தவள் நான். மேல்தாடைக்குப் பின்னால், கழுத்து மடியும் இடத்தில், செதில்கள் ஒவ்வொன்றும் கூரை ஓடுபோல் விளிம்பு தூக்கி நிற்கும். ஒரு நூல் விழுந்தாலும் பிடித்துக்கொள்ளும். அவர் பூவின் காம்பைச் சரியாக அங்கேதான் வைத்திருந்தார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சிங்கமும் பார்த்தது. புழுக்கத்தில் தாய்மாமனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் அம்மா ஓமலூரிலிருந்து மேட்டூர் வரை இருக்கிற எல்லா மாரியம்மனையும் உதட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அந்தச் செதில்களைச் சிற்பி தனித்தனியாக எடுத்திருப்பதால் பூ நிற்பது இயற்கைதான், இதில் சகுனம் ஒன்றும் இல்லை என்று தொடங்கினார். அண்ணி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"சித்தெ நேரம் பாக்கலாம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சற்றுப் பொறுத்து இன்னொரு தடவையும் அதையே சொன்னார். அவருக்கும் பூ விழ வேண்டும் என்றுதான் ஆசை என்று எனக்கு அப்போது பட்டது. ஆனால் வைத்த பூவை அவரே தொட முடியாது. தாய்மாமன் வாசல் பக்கம் திரும்பிச் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

மாப்பிள்ளை கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நான் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். அதைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை. அவரும் மின்விசிறியைப் பார்த்தார். தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார்.

டக் என்று ஒரு சின்னச் சத்தம்.

கம்பெனி கொடுத்த விசிறி அது. சுற்றத் தொடங்கும் முன் ஒரு தடவை முனகும். முனகிவிட்டு, மெதுவாக, யோசித்து யோசித்துச் சுற்றியது. செவ்வரளியின் இதழ் நடுங்கியது. பிறகு பூ ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிங்கத்தின் காலில் பட்டு, அலமாரியின் மேல் விழுந்தது.

"உழுந்துருச்சு" என்றார் என் அம்மா.

"ஃபேன்..." என்றார் அண்ணன்.

"ஏனுங்க, அடுப்புல பால் இருக்குது, போய்ப் பாருங்க" என்றார் அண்ணி.

"இல்ல, ஃபேனை யாரோ..."

"பாலைப் பாருங்க சாமி" என்று என் அம்மா அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பிச் சமையலறைப் பக்கம் தள்ளிவிட்டார். அண்ணன் அதற்கு முன் அந்த வீட்டில் பால் காய்ச்சியதாக எனக்கு நினைவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து சுற்றும் விசிறியைப் பார்த்தார். அப்புறம் மகனைப் பார்த்தார். மகன் சுவரிலிருந்த காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று மிகுந்த அக்கறையோடு தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பூவை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"நாகம் பூக் குடுத்துருச்சுங்க" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு, யாரும் கேட்காமலே, "எம் பையனுக்குச் சின்னதுலருந்தே புழுக்கம் தாங்காதுங்க" என்றார்.

தாய்மாமன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்னை முன்னால் வரச் சொல்லி அந்த அம்மாள் அந்தப் பூவை என் தலையில் செருகினார். செருகும்போது காதருகில், மற்றவர்களுக்குக் கேட்காமல், "நீ எங்க பாத்தீனு நானும் பாத்தேன் அம்மிணி" என்றார். நான் குனிந்து அவர் காலைத் தொட்டேன். வேறென்ன செய்வது?

வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் சமையலறையில் தீய்ந்த வாசனை வருவதை யாரோ கவனித்தார்கள். அண்ணி ஓடினார். அண்ணன் கரண்டியும் கையுமாக அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். பாலைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், இறக்கச் சொல்லவில்லையே என்றார். மேலும், விசிறியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பூ வைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை என்று அண்ணியிடம் தணிந்த குரலில் சொன்னதும் எனக்குக் கேட்டது. அண்ணி கரண்டியை வாங்கிக்கொண்டார்.

சம்பந்தம் பேசி முடித்த ஒறம்பரையை இன்னொரு தடவை காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியாது. வேறு பாலும் இல்லை. அடிப்பிடித்த பாலிலேயே காப்பி போட்டு எடுத்துவந்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்தார். தாய்மாமன் ஒரு வாய் குடித்தார். மாப்பிள்ளை முழுத் தம்ளரையும் ஒரே மூச்சில் குடித்தார். காப்பி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மூன்று பேரும் சொன்னார்கள்.